அத்தியாயம் 17: பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்

சல்கினாயின் கைப்பையில் இருக்கும் தேயிலை டப்பாவுக்குள் தேயிலை இல்லை என்பது இந்த நிமிடம்வரை அவளுக்கும் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

போன சனிக்கிழமை பஸ் கொட்டகையில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உள்ளே தாழ் போட்டுக்கொண்டு உயிரை விடப் போன துராத்தை, கீல் பெயரும்வரை கதவைத் தோளால் இடித்து வெளியே இழுத்துப் போட்டவள் அவள். துராத், அவளுடைய கணவன் மிர்லானின் அண்ணன். காரா-பால்த்தாவில் மினிபஸ் ஓட்டுகிறவன். அவன் பெண்டாட்டி போன வருடமே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். மிர்லானோ ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறான். இடிப்பதற்கு அந்நேரம் வீட்டில் இருந்தது சல்கினாயின் தோள் ஒன்றுதான்.

தரையில் கிடந்தபடியே அன்று அவன் வாக்குக் கொடுத்தான்.

"வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரேன். நீ கூட வா. அம்மா வேண்டாம்."

வியாழக்கிழமை விடிந்துவிட்டது. போயும் போயும் இதே நாளில்தானா நாத்தனார் பெகிமாய்க்குக் கம்மல் போட மாப்பிள்ளை வீட்டார் வர வேண்டும்? மாப்பிள்ளையின் தாய் தன் கையால் பெண்ணின் காதில் கம்மலைப் போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. அன்றிலிருந்து அவள் அந்த வீட்டுப் பெண்.

மாமியார் ஊல்கான் விடியற்காலையிலேயே எண்ணெய்ச் சட்டியை ஏற்றிவிட்டாள். மேசை முழுக்கப் பொன்னிறமாகப் போர்சோக், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகள், குவிந்திருந்தது. மாவுக் கையோடு மருமகளைச் சமையலறை மூலைக்கு இழுத்தாள்.

"நல்லா கேட்டுக்கோ. நரம்புத் தளர்ச்சி. அவ்வளவுதான். ரெண்டாவது மாடியில நரம்புப் பிரிவுல பத்து நாள் டிரிப்ஸ் ஏத்துவாங்க. ஏற்பாடு பண்ணியாச்சு."

"அத்தை, அவருக்கு நரம்பு மட்டும்னா..."

"நரம்பு மட்டும்தான்! குடி கிடின்னு வாயத் தொறந்தே, பதிவேட்டுல பேர ஏத்திடுவாங்க. லைசென்ஸ் போயிடும். பஸ்ஸ விட்டா அவனுக்கு என்னடி இருக்கு? பைத்தியக்கார வீடுன்னு ஊரு சொன்னா, இவ காதுல எவ கம்மல் போடுவா?"

"வர்றவங்க மூத்த பையன் எங்கேன்னு கேட்டா?"

"ரஷ்யாவுல, தம்பிகிட்ட போயிருக்கான். நான் சொல்லிக்கறேன். நீ பதினோரு மணிக்குள்ள வந்து டீ ஊத்தணும். மருமக இல்லாம விருந்தாளிக்கு யாரு டீ ஊத்தறது?"

ஊல்கானைக் கல்நெஞ்சுக்காரி என்று அவசரப்பட்டுத் திட்டிவிடாதீர்கள். மகனின் பையில் கம்பளிக் காலுறை நாலு ஜோடி வைத்தது அவள்தான். அடியில் அவனுக்குப் பிடித்த குருட் என்னும் உலர்ந்த தயிர் உருண்டைகளையும் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள். பயம் ஒரு தாயை எங்கே கொண்டுபோய் நிறுத்துமோ அங்கே அவள் நின்றாள், பாவம்.

வாசலில் பெகிமாய் ஓடி வந்து சல்கினாயின் கையைப் பிடித்தாள். அலங்காரம் பாதியில் நின்றிருந்தது. காது இரண்டும் வெறுமையாக இருந்தன.

"அண்ணி, எனக்காக எதையும் மறைச்சிடாதீங்க. கல்யாணம் அப்புறம் பாத்துக்கலாம். அண்ணன் வேணும்."

சல்கினாய் தலையை ஆட்டினாள். மாமியாருக்கும் தலையை ஆட்டிவிட்டுத்தானே வந்திருக்கிறாள்?

தெருமுனையில் வேறொருவனுடைய மினிபஸ்ஸில் ஏறினார்கள். துராத்தின் கை நடுங்கிய நடுக்கத்துக்கு அவன் சாவியைத் தொடவே கூடாது. ஏறியதும் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான்.

"என்னடா, உன் வண்டிய வித்துத் தின்னுட்டியா?"

"சர்வீஸ்ல இருக்கு."

"வண்டியா, நீயா?"

பஸ்ஸே சிரித்தது. துராத்தும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காமல் சல்கினாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதல் பனி விழுந்து, நிலக்கரிப் புகையில் அதற்குள் அழுக்காகியிருந்தது. பக்கத்தில் அவனுடைய முழங்கால் ஓயாமல் ஆடிக்கொண்டே இருந்தது. காலையில் அவன் குடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வருவதற்காக அதையாவது செய்திருக்கிறான். ஆனால் மாத்திரை? அது அவளுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிச் சேர்க்கை ஜன்னலில் கலிப்பா என்ற நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். கனத்த உடம்பு, கழுத்தில் கயிற்றில் தொங்கும் மூக்குக் கண்ணாடி, படபடவென்று பேசும் வாய்.

"நோயாளி பேரு?"

சல்கினாய் அவனுடைய பாஸ்போர்ட்டை நீட்டினாள்.

"அத அப்புறம் படிக்கறேன். வாயால சொல்லும்மா. கண்ணாடி பனி புடிச்சிருக்கு."

"நான்... அவரு தம்பி பொண்டாட்டி."

கலிப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தாள். புகுந்த வீட்டுப் பெரியவர்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. பெயர் சொல்லி அழைத்தால் அவர்களை அவமதித்ததாகும். ஆகவே ஒன்பது வருடமாகச் சல்கினாய்க்கு அவன் 'டிரைவர் பைக்கே'தான். வயதில் மூத்த எந்த ஆணும் பைக்கே. இவன் பஸ் ஓட்டுவதால் டிரைவர் பைக்கே.

"எங்க அம்மாவும் இப்படித்தான். மாமனார் பேரு ஆட்டுக்குட்டின்னு அர்த்தம் வரும். சாகறவரைக்கும் ஆட்டுக்குட்டிய 'மே மே'ன்னுதான் சொன்னாங்க. குடு, குடு." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தாள். "அசனோவ் துராத். தெரு... அட! இந்தத் தெருவுக்குத்தானே எங்க அக்கா இன்னிக்குக் கம்மல் போடப் போறா! அசனோவ்..."

சிரிப்பு அப்படியே நின்றது. அவள் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். அப்புறம் சுவரோரம் நின்ற துராத்தைப் பார்த்தாள். அப்புறம் சல்கினாயைப் பார்த்தாள். பக்கத்தைத் திருப்பி எழுத ஆரம்பித்தாள்.

சல்கினாய் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். இத்தனை பெரிய ஊரில் வேறு நர்ஸே கிடைக்கவில்லையா?

டாக்டர் தமிரா இசாக்கோவ்னா ஐம்பது வயதுக்காரி. தூங்கிப் பல நாள் ஆனவள் போன்ற முகம். எதிரே துராத் உட்கார்ந்தான். மூலையில் எழுதுவதற்குக் கலிப்பா வந்து உட்கார்ந்தாள். வேறு யாராவது வந்திருக்கக் கூடாதா?

"சொல்லுங்க. என்ன பண்ணுது?"

"நரம்பு. தூக்கம் வரல."

"எத்தன நாளா?"

"கொஞ்ச நாளா."

"குடிப்பீங்களா?"

"விசேஷம்னா."

"கடைசி விசேஷம் எப்ப?"

டாக்டர் அவனுடைய நெற்றி வியர்வையையும் விரல்களையும் பார்த்தாள்.

"மாத்திர ஏதாவது? தூக்கத்துக்கு, வலிக்கு?"

"இல்ல."

"சாகணும்னு தோணியிருக்கா?"

"என்னங்க கேள்வி இது? நரம்புன்னு சொல்றேன்ல?"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"இங்க பாருங்க. நரம்புன்னா ரெண்டாவது மாடி. தூக்க ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏத்தி, பத்து நாள்ல அனுப்பிடுவோம். குடி, மாத்திர, மனசுன்னா பின்கட்டு. அங்க இருக்கறது ஒரே கட்டில். மத்தியானத்துக்குள்ள வேற ஆள் வந்தா அதுவும் இல்ல. எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"ரெண்டாவது மாடி."

டாக்டர் பெருமூச்சு விட்டாள். "கலிப்பா, எழுது. ராத்திரிக்குத் தூக்க ஊசி..."

இத்தனை நேரமும் கதவோரமாக நின்றிருந்தாள் சல்கினாய். மருமகள் நிற்கிற இடம் அது. பேசு என்று அவளை யாரும் கேட்கவில்லை, கேட்கப்போவதுமில்லை. தூக்க ஊசியா? அந்த மாத்திரைகளின் மேலேயா? மாமியாரின் மாவுக் கை கண்முன் வந்தது. மூலையில் எழுதிக்கொண்டிருப்பவளின் அக்கா இந்நேரம் கம்மலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிளம்பியிருப்பாள். இவள் காதில் எது விழுந்தாலும் அங்கே போய்ச் சேர எத்தனை நிமிடம் ஆகும்?

தேயிலை டப்பா டாக்டரின் மேசைமேல் வந்து விழுந்தது. மூடி திறந்துகொண்டது. காலி மாத்திரை அட்டைகள் சிதறின.

"இது எல்லாம் இந்த ஒரு வாரத்துக்கு," என்றாள் சல்கினாய். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "மெத்தைக்கு அடியில இருந்து பொறுக்கினேன். குடி தெனமும் உண்டு. போன சனிக்கிழமை கொட்டகையில கதவ சாத்திக்கிட்டு சாகப் போனாரு. நான்தான் இழுத்துப் போட்டேன். ஊசி போட்டுடாதீங்க டாக்டர், ஊசி போட்டுடாதீங்க."

கலிப்பாவின் பேனா காகிதத்தின் மேல் அசையாமல் நின்றது.

துராத் மெல்ல எழுந்தான். முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"உன்ன யாருடி பேசச் சொன்னது? வீட்டுக்கு வந்தவ, வீட்டுக்கு வந்தவ மாதிரி இரு. என் மெத்தைய நோண்டறதுதான் உன் வேலையா? என்ன நம்பவெச்சு கழுத்தறுக்கத்தான் கூட வந்தியா?"

நாற்காலி கவிழ்ந்தது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"புடிச்சு வைக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. அவராத்தான் வரணும்," என்றாள் டாக்டர். "ஆனா இந்த நிலைமையில அவர வெளிய விடாதே. ஓடு!"

சல்கினாய் ஓடினாள். படியில் தலைத்துணி அவிழ்ந்து விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக மினிபஸ்கள். அதைத் தாண்டினால் நெடுஞ்சாலை. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேற்றுப் பனியை வாரியடித்துக்கொண்டு போயின. துராத் தலையைக் குனிந்துகொண்டு நேராகச் சாலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். இடம் வலம் பார்க்கவில்லை. சாலையைக் கடக்க நினைப்பவன் நடக்கிற நடையாக அது இல்லை.

"பைக்கே!"

வாசலில் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்த ஆண்களில் பாதிப் பேர் திரும்பினார்கள். அவன் திரும்பவில்லை.

"டிரைவர் பைக்கே!"

வரிசையில் நின்ற அத்தனை ஓட்டுநர்களும் திரும்பினார்கள். "என்னம்மா, எங்க போகணும்? கைண்டியா?" என்று ஒருவன் கேட்கவும் செய்தான். துராத் இன்னும் பத்து எட்டு வைத்தால் சாலை.

சல்கினாய் நின்றாள். மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"துராத்!"

தெருவே கேட்டிருக்கும்.

"துராத்! நில்லு!"

அவன் நின்றுவிட்டான். லாரி ஒன்று அவன் முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவன் கால்சட்டை முழங்கால்வரை சேறாயிற்று. மெதுவாகத் திரும்பினான். அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்த இடத்தில் திகைப்பு வந்திருந்தது.

சல்கினாய் ஓடிப்போய் அவனுடைய கோட்டுக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மூச்சிரைத்தது. அழுகையும் வந்துவிட்டது.

"என் பேரு உனக்குத் தெரியுமா?" என்றான் அவன்.

"ஒம்போது வருஷமா தெரியும்."

"அம்மா கேட்டிருந்தா உன்ன வெளுத்திருப்பாங்க."

"வெளுக்கட்டும். சாயங்காலம் போய் வாங்கிக்கறேன். நீங்க இங்க நில்லுங்க, அது போதும்."

அவன் சாலையைப் பார்த்தான். எங்கிருந்தோ அடைபட்டுக் கிடந்த பேச்சு வந்தது.

"எதுக்குன்னு எல்லாரும் கேக்கறாங்க. பொண்டாட்டி போனதாலயா, கண்ணு பட்டுதா, யாராவது செய்வினை வெச்சாங்களான்னு. ஒண்ணும் இல்ல சல்கினாய். அவ போறதுக்கு முன்னாலயே இப்படித்தான். காலையில கண்ணத் தொறந்தா, சாயங்காலம் வரைக்கும் எப்படிப் போகும்னுதான் முதல்ல தோணுது. குடிச்சா கொஞ்சம் போகுது. மாத்திர போட்டா இன்னும் கொஞ்சம் போகுது. இப்ப எதாலயும் போகல."

"இதத்தான் அந்தம்மா கேட்டாங்க. இதையே போய் சொல்லுங்க."

"பேரு ஏறிடும். வண்டி போயிடும்."

"போகட்டும்! வண்டி கொட்டகையில நிக்கும். துரு புடிச்சா துரு புடிக்கட்டும். உங்கள அந்தக் கொட்டகையில இன்னொரு தடவ என்னால தூக்க முடியாது. தோள் இன்னும் வலிக்குது எனக்கு."

அவன் அவளுடைய தோளைப் பார்த்தான். அதைப் பற்றி அவன் இதுவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பிறகு ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பி நடந்தான். அவள் கோட்டை விடவேயில்லை, பிடித்துக்கொண்டே போனாள். ஓட்டுநர்களில் ஒருவன் எதையோ சொல்லிச் சிரிக்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

டாக்டர் நாற்காலியை நிமிர்த்தி வைத்திருந்தாள். கேள்விகளை முதலிலிருந்து கேட்டாள். இந்தத் தடவை அவனே சொன்னான். தினமும் அரை லிட்டர். மாத்திரை நாளைக்கு எட்டு, சில நாள் பத்து. போன குளிர்காலத்திலிருந்து. காலையில் கண்ணைத் திறந்ததும் வருகிற அந்த நினைப்பையும் சொன்னான். கொட்டகையைப் பற்றிக் கேட்டபோது நிறுத்தினான், தண்ணீர் குடித்தான், பிறகு சொன்னான்.

"இன்னிக்குக் காலையில?"

"நாலு."

சல்கினாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இத மறைச்சிட்டு நான் தூக்க ஊசி போட்டிருந்தா, ராத்திரி மூச்சு நின்னு போயிருக்கும்," என்றாள் டாக்டர். குரலை உயர்த்தவே இல்லை. "பின்கட்டு. முதல் வாரம் கூடவே ஆள் இருப்பாங்க. குடிய மட்டும் நிறுத்தி அனுப்பினா மறுபடி இங்கதான் வருவீங்க. அந்தக் காலை நேரம் இருக்கு பாருங்க, அதுக்கும் சேர்த்து வைத்தியம். சம்மதமா?"

"லைசென்ஸ்?"

"பேரு பதிவாகும். பொய் சொல்ல மாட்டேன். உயிரோட இருக்கறவனுக்குத்தான் லைசென்ஸ் கவலை. மொதல்ல உயிரக் காப்பாத்துவோம்."

துராத் பேனாவை வாங்கினான். கை ஆடிய ஆட்டத்தில் கையெழுத்து மூன்று இடத்தில் உடைந்தது. கலிப்பா வந்து காகிதத்தின் மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நோயாளிக்குப் பொறுப்பாளர் என்ற இடத்தில் சல்கினாய் தன் பெயரை எழுதினாள்.

இடுப்பு வார், காலணிக் கயிறு எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். கதவுக்குள் போகும் முன் அவன் சட்டைப் பையிலிருந்து பஸ் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"குருட் வெச்சிருக்காங்களா அம்மா?"

"அடியில இருக்கு."

இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. வெளியே நடைபாதையில் சல்கினாய் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரம் பதினொன்றேகால் காட்டியது. வீட்டில் டீ ஊற்ற ஆளில்லை. மாமியார் போனில் ஏழு தடவை கூப்பிட்டிருந்தாள். எட்டாவதாக ஒரு செய்தியும் வந்திருந்தது: 'நரம்புன்னுதானே சொன்னே?'

கலிப்பா அவளுடைய தலைத்துணியைக் கொண்டுவந்து கொடுத்தாள். படியில் கிடந்ததாம். கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பெகிமாயோட அண்ணன்தானே?"

இல்லை என்று சொல்லிவிடலாமா? சல்கினாய் அதையும் நினைத்துப் பார்த்தாள். நினைத்துவிட்டு, "ஆமா," என்றாள்.

"இங்க கேட்டத நான் வெளிய சொன்னா வேலை போயிடும். சொல்ல மாட்டேன். அத நெனச்சு பயப்படாத."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, அவளுடைய பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். முகம் மாறியது. திரையைச் சல்கினாய் பக்கம் திருப்பினாள். 'அக்கா.'

எடுத்ததும் அந்தப் பக்கத்துக் குரல் நடைபாதை முழுக்கக் கேட்டது.

"கலிப்பா! முற்றத்துக்கு வந்து பேசறேன். மூத்த பையன் ரஷ்யாவுல இருக்கான்னு இந்தம்மா சத்தியம் பண்றாங்க. பக்கத்து வீட்டுக்காரி வேற மாதிரி காதக் கடிக்கிறா. உங்க ஆஸ்பத்திரிப் பக்கம் வந்திருக்கானா? உனக்குத் தெரியாம இருக்காது. மறைக்காம சொல்லுடி."

பின்னணியில் ஊல்கானின் குரல் மெல்லியதாகக் கேட்டது. யாரையோ போர்சோக் எடுத்துக்கொள்ளச் சொல்லி உபசரித்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பு காலையில் பஸ்ஸில் துராத் சிரித்த அதே சிரிப்பு.

கலிப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"நான் சொல்லக் கூடாது. கூடப் பொறந்தவகிட்ட பொய்யும் சொல்ல மாட்டேன்." போனைச் சல்கினாயின் மடியில் வைத்தாள். "உங்க வீட்டு விஷயம். நீ பாத்துக்கோ."

எழுந்து, கனத்த உடம்பை அசைத்து அசைத்துக்கொண்டு நடைபாதையின் கடைசிக்குப் போய்விட்டாள். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

"கலிப்பா? இருக்கியா? கம்மல கையில வெச்சிக்கிட்டு நிக்கிறேன்டி, குளிருது!"

சல்கினாய் பஸ் சாவியை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டாள். போனைக் காதில் வைத்தாள்.

"கலிப்பா இல்லீங்க," என்றாள். "அந்த வீட்டு மருமக பேசறேன்."